201-வது யூனிட்: மதராசி கேம்ப் குடும்பங்களின் கரண்ட் கணக்கு

டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்கு பில் பூஜ்யம். ஒரு யூனிட் கூடினால், அதாவது மீட்டர் 201-ஐத் தொட்டால், 300 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். 2019 ஆகஸ்ட் 1 முதல் இதுதான் நடைமுறை. 200-ஐத் தாண்டிவிட்டால் அந்த முதல் 200 யூனிட்டும் இலவசக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். யூனிட்டுக்கு 3 ரூபாய் வீதம் அவற்றுக்கும், மேற்கொண்டு ஓடியவற்றுக்கு நாலரை ரூபாய் வீதமும் கணக்கு ஏறும். 400 யூனிட் வரைக்கும் அதில் பாதியை, 800 ரூபாய்க்கு மிகாமல், அரசு ஏற்றுக்கொள்ளும். மீதி வீட்டுக்காரர் பொறுப்பு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்பது எவ்வளவு எரித்தாலும் எல்லா வீட்டுக்கும் கழிகிறது. டெல்லியில் அப்படி இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் உண்டு, அந்தப் பக்கம் போனால் கையில் இருந்ததும் போகும்.

ஒரு நாளைக்கு ஆறே முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இந்த அளவுக்குள் வாழ்க்கையை நடத்தப் பழகிய தமிழ்க் குடும்பங்கள் தெற்கு டெல்லியில் ஓரிடத்தில் கூட்டமாக இருந்தன. ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கும் ஜங்புராவுக்கும் இடையில், முகலாயர் காலத்து பாரபுல்லா பாலத்தை ஒட்டி, அதே பெயர் கொண்ட நாலாவின், அதாவது வடிகாலின், கரையில் இருந்தது மதராசி கேம்ப். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறியவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன் போட்ட குடிசைகள், மூன்று தலைமுறையில் செங்கல் சுவரும் தகரக் கூரையும் கொண்ட 370 வீடுகளாகியிருந்தன. பெண்களில் பலர் ஜங்புரா, நிஜாமுதீன் பகுதிகளில் வீட்டு வேலை செய்தார்கள். ஆண்கள் ஓட்டுநர்கள், பெயின்டர்கள், கூலித் தொழிலாளர்கள். பிள்ளைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தமிழ் படித்தார்கள்.

2025 ஜூன் 1 அன்று அத்தனை வீடுகளும் இடிக்கப்பட்டன. நாலாவின் ஓட்டத்தை அடைத்து மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கக் காரணமாகிறது என்று சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் மே 9-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி புல்டோசர்கள் வந்தன. அந்த இடிப்பின் நியாய அநியாயங்கள் ஏற்கெனவே நிறையப் பேசப்பட்டுவிட்டன. யாரும் பேசாத ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. அந்த ஒற்றை அறை வீடுகளில் சுழன்ற ஃபேனும், இரைந்த கூலரும், நடுங்கிக்கொண்டே ஓடிய ஃபிரிட்ஜும் எவ்வளவு மின்சாரம் தின்றன, ஏன் தின்றன, அதைக் குறைக்கும் பொறுப்பு உண்மையில் யாருடையது?

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள ஒரு ஜுக்கி, அதாவது குடிசை வீடு, மே மாதம். 75 வாட் சீலிங் ஃபேன் இரண்டு, நாளுக்குப் பதினெட்டு மணி நேரம்: மாதம் 81 யூனிட். 180 வாட் கூலர், பத்து மணி நேரம்: 54. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், நாளுக்கு ஒன்றரை யூனிட் என்றால் 45. டிவி 9. அதன் செட்-டாப் பாக்ஸ் 7. அயர்ன் பாக்ஸ் கால் மணி நேரம் ஓடினால் ஏழரை. எல்இடி பல்புகள், மிக்ஸி, கிரைண்டர், நாலு மொபைல் எல்லாம் சேர்த்து எட்டு. கூட்டினால் 211-ஐத் தாண்டுகிறது. ஏசி கிடையாது, கீசர் கிடையாது, வாஷிங் மெஷின் கிடையாது. ஆனாலும் கோட்டைத் தாண்டிவிட்டது.

இதில் எங்கே சிக்கனம் பிடிப்பது? பத்திரிகைகளில் வரும் மின்சிக்கனக் குறிப்புகளை நான் பல வருடங்களாக வாசிக்கிறேன். மொபைல் சார்ஜரைப் பிடுங்கி வை, அறையை விட்டுப் போகும்போது விளக்கை அணை என்பதோடு அவை முடிந்துவிடும். அறையை விட்டுப் போக ஜுக்கியில் வேறு அறை ஏது? மொபைல் எதுவும் மாட்டாத சார்ஜர் மாதம் முழுக்கச் சொருகியே கிடந்தாலும் அது இழுக்கும் மின்சாரம் யூனிட்டில் சொல்லும்படியான அளவே இல்லை. சமையல் சாமான்களையும் வீணாகக் குறை சொல்கிறோம். கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட். வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் மாவரைத்தால் மாதத்துக்கு முக்கால் யூனிட்கூட ஆகாது. மிக்ஸி 500 வாட்டாக இருந்தாலும் ஓடுவது சில நிமிடங்கள்தான். அரை நிமிடம் ஓடுவது எத்தனை வாட்டாக இருந்தாலும் கவலையில்லை. நாளெல்லாம் ஓடுவது பத்து வாட்டாக இருந்தாலும் கவனிக்க வேண்டும். அந்த வகையில் வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்று செட்-டாப் பாக்ஸ். ரிமோட்டில் டிவியை அணைத்த பிறகும் சுவரோரம் அது சூடாகவே இருக்கும். தொட்டுப் பார்த்தால் தெரியும். பத்து வாட் இழுக்கும் பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 7 யூனிட். தமிழ் சேனலுக்காக டெல்லித் தமிழர் வீடு ஒவ்வொன்றிலும் இருக்கும் இந்தப் பெட்டியை, டிவி பார்க்காத நேரத்தில் சுவர் சுவிட்சிலேயே அணைத்தால் அதில் முக்கால்வாசி மிச்சம்.

ஆனால் 7 யூனிட் பெரிய விஷயமில்லை. பெரிய தீனி ஃபேனும் ஃபிரிட்ஜும் கூலரும்தான். இங்கேதான் விஷயம் பழக்கத்தைத் தாண்டி, கருவி எங்கிருந்து வந்தது என்பதற்குப் போகிறது.

ஜுக்கி வீட்டின் மின்சாதனங்களில் பெரும்பாலானவை கடையிலிருந்து புதிதாக வருவதில்லை. வேலை செய்யும் வீட்டில் புது ஃபிரிட்ஜ் வாங்கும்போது பழையதைத் தள்ளிவிடுவார்கள். தீபாவளி போனஸாகவோ, சம்பளத்தில் மாதம் கொஞ்சம் பிடித்துக்கொண்டோ அது வேலைக்கார அம்மாவின் வீட்டுக்கு வந்து சேரும். பழைய சாமான் விற்கும் கபாடிக்காரரிடம் ஃபேன் வாங்கினால் புது ஃபேனின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. தென் டெல்லியின் வசதியான வீடுகள் கழித்துக் கட்டிய சாதனங்கள், அவற்றின் வயதான மோட்டார்களோடும் கம்ப்ரசர்களோடும், நாலாக் கரைக்கு வந்து இரண்டாம் வாழ்க்கை வாழ்கின்றன. கொடுப்பவரின் மின்கணக்கு குறைகிறது, வாங்குபவரின் கணக்கு ஏறுகிறது. கொடுத்தவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாங்கியவருக்கும் அது சந்தோஷம்தான். பாதிப்பு மீட்டரில் மட்டும்தான் தெரியும், அதுவும் கோடையில்.

ஃபேன் ரிப்பேர் கடை ஒன்றில் நின்று கவனித்தால் இன்னும் புரியும். எரிந்துபோன காயிலை மெக்கானிக் வெட்டி எடுக்கிறார். ஸ்டேட்டரின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் கருகிய வார்னிஷைச் சுடவைத்துச் சுரண்டுகிறார். பழைய கம்பி எத்தனை சுற்று, என்ன பருமன் என்று எண்ணிப் பார்த்துச் சுற்றுபவர்களும் உண்டு. கையில் இருக்கும் கம்பியை வைத்து உத்தேசமாகச் சுற்றிவிடுபவர்களும் உண்டு. சுற்று குறைந்தால், அல்லது மட்டமான கம்பி போட்டால், ஃபேன் ஓடும், ஆனால் மோட்டார் சூடாகும். அந்தச் சூடு முழுவதும் பில்லில் வரும் மின்சாரம். 75 வாட் ஃபேன் ரீவைண்டிங்குக்குப் பிறகு அதே காற்றுக்கு அதைவிடக் கூடுதலாக இழுப்பது சாதாரணம். இதோடு சுவரில் இருக்கும் பழைய பெட்டி ரெகுலேட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்க அது செய்வதெல்லாம் மீதி மின்சாரத்தைச் சூடாக்கித் தள்ளுவதுதான். இரண்டில் வைத்தால் கரண்ட் மிச்சம் என்று நம்பி ராத்திரியெல்லாம் புழுக்கத்தில் படுத்திருப்பவர்களுக்கு அதில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாற்றினால்தான் வேகம் குறையக் குறைய யூனிட்டும் ஒழுங்காகக் குறையும். அதன் விலை சில நூறு ரூபாய். கோடை தொடங்குமுன் செய்யத்தக்க முதல் வேலை அது.

இப்போது சந்தையில் உள்ள பிஎல்டிசி ஃபேன் 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, ரோட்டரில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. பழைய ஃபேனில் ரோட்டரைக் காந்தமாக்கவே வீணாகும் மின்சாரம் இங்கே மிச்சமாகிறது. மேலே போட்ட கணக்கில் இரண்டு ஃபேனையும் 30 வாட் ஃபேன்களாக மாற்றினால் 81 யூனிட் 32 ஆகிவிடும். கிட்டத்தட்ட 49 யூனிட் மிச்சம். யாரும் எதையும் அணைக்க வேண்டாம், யாரும் வியர்வையில் நனைய வேண்டாம். 211 யூனிட் வீடு 163-க்கு இறங்கிவிடும். ஃபிரிட்ஜும் நட்சத்திர முத்திரை போட்ட புதியதாக இருந்தால் மாதம் 25 யூனிட்டாவது இன்னும் குறையும். எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய அந்த நட்சத்திர லேபிளில், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் பெரிதாக அச்சாகியிருக்கும். நட்சத்திரத்தை எண்ணுவதை விட அந்த எண்ணைப் படிப்பது நல்லது. தரவரிசை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய மூன்றுக்கும் கீழே நிற்கக்கூடும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் லேபிள் எந்த ஆண்டுக்கானது என்று பார்ப்பது மிக அவசியம். சீலிங் ஃபேனுக்கு இந்த லேபிள் 2023 ஜனவரியிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கோடிக்கணக்கான ஃபேன்கள் இன்னும் கூரைகளில் சுழல்கின்றன.

கூலரைப் பற்றி ஓரளவு விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் தத்துவம். மே, ஜூன் மாத 'லூ' எனும் அனல் காற்றில் ஈரம் இல்லாததால் டெல்லியில் அது அற்புதமாக வேலை செய்யும். ஒரு ஏசி இழுப்பதில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆனால் வெளிக் காற்று உள்ளே வரவும், ஈரக் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடும் சந்தில், ஒரே வாசல் உள்ள அறையில், அந்த வழி எங்கே? அறைக்குள்ளேயே கூலரை வைத்தால் சற்று நேரத்தில் ஈரம் நிறைந்து கசகசப்புதான் மிஞ்சும். அப்போது கூலரும் ஃபேன்களும் சேர்ந்து ஓடுவதால் யூனிட் ஏறும், குளிர்ச்சி ஏறாது. ஜூலையில் மழை வந்துவிட்டால் வெறும் ஃபேனைவிட அதில் பெரிய பயன் இல்லை.

அதைவிட அடிப்படையானது கூரை. பகலெல்லாம் காயும் தகரத்தின் கீழே 45 டிகிரி வெயிலில் எந்தக் கருவியும் தோற்றுத்தான் போகும். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் பெயின்டோ அடித்தால் உள்ளே வெப்பம் கண்கூடாகக் குறைகிறது. அகமதாபாத் மாநகராட்சி தன் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு இதைச் செய்திருக்கிறது. மின்சாரமே கேட்காத மின்சிக்கனம் இது. ஆனால் நாளைக்கே நோட்டீஸ் வரலாம் என்ற நிலையில் இருக்கும் கூரைக்கு யார் காசு போட்டுப் பெயின்ட் அடிப்பார்கள்? பட்டா இல்லாத வாழ்க்கை மின்கணக்கையும் ஏற்றுகிறது. நல்ல ஃபேன், நல்ல கூரை, ஒழுங்கான வயரிங் எல்லாமே சில வருடம் இதே இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் முதலீடுகள்.

குளிர்காலத்தில் கதை மாறும். ஃபேன் நிற்கும், கூலர் மூட்டை கட்டப்படும், வாளியில் இம்மர்ஷன் ராடு இறங்கும். இருபது லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க, எந்த ராடு போட்டாலும், முக்கால் யூனிட் வேண்டும். நாளுக்கு மூன்று வாளி என்றால் மாதம் 60 யூனிட்டுக்கு மேல். வாளியை மூடியால் பாதி மறைப்பதும், கொதிக்க விட்டுப் பிறகு பச்சைத் தண்ணீர் கலக்காமல் குளிக்கும் சூட்டிலேயே அணைப்பதும்தான் இதில் சிக்கனம். ஈரக் கையோடு ராடைத் தொட்டு ஷாக் அடித்த விபத்துகள் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கின்றன. சுவிட்சை அணைத்த பிறகே கையை விட வேண்டும் என்பதைச் சிக்கனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

ஜூன் 1-க்குப் பிறகு இந்தக் கணக்கு மூன்றாகப் பிரிந்தது. டெல்லி அரசின் 2015-ஆம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கைப்படி முதல் கணக்கெடுப்பில் 189 குடும்பங்கள் மட்டும் மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவை என்று முடிவானது. அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது நகரின் வடகோடியில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில் அடுக்குமாடி வீடுகள். தகுதிப் பட்டியலில் வராதவர்களில் பலர் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை தேடினார்கள். ஊருக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

நரேலா போனவர்களுக்கு மின்சார நிறுவனமே மாறியது. தெற்கு டெல்லியில் பிஎஸ்இஎஸ் ராஜ்தானி, வடக்கே டாடா பவர். மானியம் இரண்டுக்கும் பொது. 2025 பிப்ரவரியில் ஆட்சி மாறிய பிறகும் அது தொடர்ந்தது. ஆனால் கான்கிரீட் அடுக்கு வீட்டின் மேல்தளம் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் வெளியிடும். கூலருக்கு வெயில் நாளில் நாற்பது, ஐம்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பற்றிய புகார்கள் அங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. தண்ணீர் இல்லாத கூலர் சத்தம் போடும் ஃபேன் மட்டுமே.

வாடகை அறைக்குப் போனவர்கள் நிலைமை இன்னும் மோசம். டெல்லியில் வீட்டு உரிமையாளர்கள் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வாங்குவது ஊரறிந்த வழக்கம். இலவசமும் இல்லை, பாதிச் சலுகையும் இல்லை. கேம்ப்பில் 211 யூனிட்டுக்கு நாலைந்து நூறு கட்டியிருக்கக்கூடிய அதே குடும்பம், அதே ஃபேனையும் ஃபிரிட்ஜையும் கொண்டுபோய் மாட்டினால், எட்டு ரூபாய்க் கணக்கில் 1,700 ரூபாய் கட்ட வேண்டும். இவர்களுக்கு பிஎல்டிசி ஃபேன் வாங்குவது நியாயமான செலவு. 49 யூனிட் மிச்சம் என்றால் கோடை மாதம் ஒவ்வொன்றிலும் 390 ரூபாய். இரண்டு ஃபேன் வாங்கிய காசில் பெரும்பகுதி இரண்டு கோடையில் திரும்பிவிடும். கூடவே, வாடகைதாரர்களுக்காக 2019 செப்டம்பரில் டெல்லி அரசு கொண்டுவந்த ப்ரீபெய்டு மீட்டர் திட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. வாடகை ஒப்பந்தமோ ரசீதோ காட்டி, 3,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினால், உரிமையாளரின் தடையில்லாச் சான்று இல்லாமலே தனி மீட்டர் என்றது அந்த அறிவிப்பு. மீட்டர் உங்கள் பெயரில் வந்தால் மானியமும் வரும். வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு எத்தனை பேர் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

இங்கே ஒரு காகிதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மறுவாழ்வுக் கொள்கையில் ஜுக்கிக்காரர் தன் குடியிருப்பை நிரூபிக்க ஏற்கப்படும் ஆவணங்களில் மின்சார பில்லும் ஒன்று. 2015 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். 2002 ஜூலையில் மின் விநியோகம் தனியார் நிறுவனங்களிடம் போகும்வரை டெல்லி ஜுக்கிகளில் வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. ஒரு காண்ட்ராக்டர் மொத்தமாக வாங்கி, பல்புக்கு இவ்வளவு ஃபேனுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார், அல்லது கம்பத்தில் கொக்கி. மீட்டர் வந்த பிறகுதான் பெயர் அச்சடித்த பில் வந்தது. ஜுக்கி கைமாறினாலும் மீட்டர் பழைய பெயரிலேயே தொடர்வது டெல்லியில் சகஜம். பூஜ்ய பில் வந்தால் தூக்கிப் போடுவதும், எஸ்எம்எஸ் வந்தால் போதும் என்று இருப்பதும் அதைவிடச் சகஜம். தொகை பூஜ்யமாக இருந்தாலும் அந்தத் தாளில் பெயரும் முகவரியும் தேதியும் இருக்கின்றன. நரேலாவிலும் சரி, வேறெந்த ஜுக்கியிலும் சரி, மீட்டரைத் தம் பெயருக்கு மாற்றுவதும், வருடத்துக்கு ஒன்றிரண்டு பில்லையாவது பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. 2024 ஜூன் 19 அன்று டெல்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை கண்டிராத உச்சம். அதை உயர்த்தியவை ஏசிகள். ஒன்றரை டன் ஏசி ஒன்று ஒரு வெப்பமான இரவில் எட்டு யூனிட் எடுத்துக்கொள்ளும். ஒரு ஜுக்கியின் முழுநாள் பங்கைவிட அது அதிகம். ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் 6 சதவீதம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. பழக்கத்தை மாற்றச் சொல்ல வேண்டியது ஏசி வைத்திருப்பவர்களிடம். 16 டிகிரியில் வைத்துக் கம்பளி போர்த்தித் தூங்குபவரையும், ஒற்றை ஃபேனின் கீழே ஐந்து பேராகப் படுத்திருப்பவர்களையும் ஒரே வரியில் 'மின்சாரத்தைச் சேமிப்பீர்' என்று விளிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஜுக்கிக்குத் தேவை நல்ல கருவி.

அதை யார் வாங்கித் தருவது? 200 யூனிட்டுக்குள் இருக்கும் குடும்பத்துக்கு நல்ல ஃபேனால் ஒரு ரூபாய்கூட லாபமில்லை, பில் ஏற்கெனவே பூஜ்யம். லாபம் அந்த பில்லைக் கட்டும் அரசுக்கு. டெல்லி அரசு மின்மானியத்துக்கு ஆண்டுதோறும் 3,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறது. ஒரு வீட்டில் கோடை மாதங்களில் 49 யூனிட் குறைந்தால் யூனிட்டுக்கு 3 ரூபாய் வீதம் பார்த்தாலே ஏழு மாதத்தில் ஆயிரம் ரூபாய் அரசுக்கு மிச்சம். மொத்தமாக வாங்கினால் ஃபேன் விலை கடை விலையைவிட எவ்வளவோ இறங்கும். நம் கண்முன் நடந்த முன்னுதாரணம் உண்டு. 2015-இல் உஜாலா திட்டம் வந்தபோது எல்இடி பல்பு முந்நூறு ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் கோடிக்கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்ததில் அது எழுபது ரூபாய்க்கு இறங்கியது. மாதம் 10 ரூபாயாக பில்லில் கட்டும் வசதியும் தந்தார்கள். அதே நிறுவனம் 2023 நவம்பரில் ஒரு கோடி சிக்கன ஃபேன்களுக்கான திட்டத்தையும் அறிவித்தது. அந்த ஃபேன்கள் முதலில் போய்ச் சேர வேண்டியது 200 கோட்டின் ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்கு.

தமிழ்நாடு அரசுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 2011-இல் தொடங்கி மாநிலத்தின் ரேஷன் அட்டைதாரர்களுக்கு ஃபேன், மிக்ஸி, கிரைண்டர் வழங்கியபோது, டெல்லி அட்டை வைத்திருந்த நாலாக் கரைத் தமிழர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. இப்போது 370 குடும்பத்துக்கும் வீட்டுக்கு இரண்டு பிஎல்டிசி ஃபேன் வாங்கித் தந்தால், ஒன்று 3,000 ரூபாய் என்று கடை விலையே வைத்துக்கொண்டாலும், 22 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். யாருக்குத் தருவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. தகுதியுள்ளவர், இல்லாதவர் என்று பிரிப்பதற்காக வீடு வீடாக எடுத்த பட்டியல் டெல்லி நகர்ப்புற உறைவிட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. பிரிக்காமல் அந்தப் பட்டியலை முழுதாக வாங்கி, அடுத்த ஏப்ரலில் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கலாம்.